லட்சம் செலவு... நாலு விரல் உயரம்! ஜீப்பை தூக்கிக் கட்டினால் வேளச்சேரி வெள்ளத்தில் தப்பிக்க முடியுமா?

வேளச்சேரி:

வடகிழக்கு பருவமழை என்றாலே வேளச்சேரிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்து விடும். 'ரெட் அலர்ட்' என்று டி.வி.யில் சொன்ன உடனே அரிசி, பருப்பு வாங்க ஓடுகிறார்களோ இல்லையோ, காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுகிறார்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது இதுதான் நடந்தது. மழை பிடிக்கும் முன்னாடியே வேளச்சேரி ரெயில்வே மேம்பாலத்தின் ஓரமாக கார்கள் வரிசை கட்டி நின்றன. போலீசார் அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி பரபரப்பு ஏற்பட்டது. அப்படி எதுவும் இல்லை என்று போலீஸ் தரப்பில் மறுத்தார்கள்.

ஜனங்கள் பயப்படுவதில் தப்பில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த ஏரியாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் ராம் நகர், விஜயநகர், ஏ.ஜி.எஸ். காலனி பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. தெருவில் நிறுத்தி இருந்த கார்கள் மூழ்கின.

காரை பாலத்தில் ஏற்றுவது ஒரு வழி. ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் மத்தியில் இன்னொரு யோசனையும் ஓடுகிறது. 'வண்டியையே தூக்கிக் கட்டிட்டா என்ன? சஸ்பென்சனை ரெண்டு இன்ச் ஏத்தி, பெரிய டயர் மாட்டிட்டா தண்ணியிலயே போய்டலாமே' என்பதுதான் அது.

ஜி.பி.ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போனால் காருக்கு என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். பணம் இருந்தால் போதும். ஆனால் தூக்கிக் கட்டினால் உண்மையிலேயே தப்பிக்க முடியுமா? எவ்வளவு தப்பிக்கலாம்? சட்டம் விடுமா? பக்கத்தில் டூவீலரில் போகிறவன் கதி என்ன? ஒவ்வொன்றாக பார்ப்போம்.

'லிப்ட்' என்றால் என்ன?

வண்டியின் உயரத்தைக் கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, சஸ்பென்சனை உயர்த்துவது. ஸ்பிரிங்குக்கு மேலே கனமான கட்டை மாதிரி ஒரு ஸ்பேசரை சொருகினால் வண்டி எழும்பும். இது மலிவு வேலை. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் நீளமானதாக மாற்றுவது காசு கூடின வேலை.

இன்னொன்று, பெரிய டயர் மாட்டுவது. இங்கேதான் பல பேர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். டயர் 2 இன்ச் பெரிதானால் வண்டி 2 இன்ச் ஏறாது. 1 இன்ச்தான் ஏறும். கூடின விட்டத்தில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும், பாதிதான் கீழே வரும்.

ஒரு உதாரணம். 2020-ல் வந்த மகிந்திரா தார் வண்டியின் ஒரு மாடலில் 255/65 ஆர்18 என்ற டயர் வரும். அதாவது அகலம் 255 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், நடுவில் 18 இன்ச் டிஸ்க். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் 31 இன்ச் வருகிறது.

இதை எடுத்துவிட்டு 33 இன்ச் டயர் மாட்டினால் வண்டி 1 இன்ச் எழும்பும். சஸ்பென்சனில் 2 இன்ச் லிப்ட் போட்டால் மொத்தம் 3 இன்ச். கையை நீட்டி நாலு விரலை சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்த அகலம்தான்!

லிப்ட் கிட், 4 டயர், டிஸ்க், பிட்டிங் கூலி என்று பில்லைக் கூட்டினால் சாதாரணமாக லட்சத்தைத் தாண்டும். ஆக, லட்ச ரூபாய்க்கு நாலு விரல் உயரம்.

தண்ணிக்கு முன்னால் நாலு விரல்

அந்த நாலு விரல் வேளச்சேரி தண்ணிக்குப் போதுமா?

தார் வண்டி 650 மி.மீ. ஆழ தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. அதாவது 2 அடிக்கு கொஞ்சம் மேல். போர்ஸ் கூர்கா வண்டிக்கு 700 மி.மீ. அந்த வண்டிக்கு காற்று இழுக்கும் குழாயை கம்பெனியே மேலே தூக்கி வைத்து கொடுக்கிறது. 'ஸ்நார்கல்' என்பார்கள். சாதாரண சின்ன கார்கள் இந்த உயரத்துக்கு பக்கத்தில் கூட வர முடியாது.

தாரில் 3 இன்ச் ஏற்றினால் கணக்குப்படி 725 மி.மீ. வரும். இது பேப்பர் கணக்கு. கம்பெனி இதற்கு பொறுப்பு ஏற்காது.

இடுப்பளவு தண்ணி என்றால் எவ்வளவு? 3 அடி. அதாவது 900 மி.மீ.க்கு மேல். 2015-லும் 2023-லும் வேளச்சேரியில் தாழ்வான தெருக்களில் நின்றது இடுப்பளவு, அதற்கும் மேல். அங்கே 650-ம் ஒன்றுதான், 725-ம் ஒன்றுதான். இரண்டுமே முழுகும்.

சரி, முழங்கால் அளவு தண்ணி என்றால்? அது ஒன்றரை அடி சொச்சம். அதில் தார், கூர்கா மாதிரி வண்டிகள் எதையும் மாற்றாமலேயே போகும். லிப்ட் தேவையே இல்லை.

அதாவது லிப்ட் இல்லாமல் போக முடியாது, லிப்ட் போட்டால் போகலாம் என்கிற தண்ணீர், அந்த நாலு விரல் இடைவெளிக்குள் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளம் உங்கள் டேப்பை பார்த்து ஏறாது.

'ஸ்டார்ட்' பண்ணினால் போச்சு

தண்ணியில் கார் சாவது டயரால் அல்ல. என்ஜின் காற்றை உறிஞ்சுகிற குழாய் வழியாக தண்ணி உள்ளே போனால்தான் சாவு. காற்றை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணி இடம் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்து விடும். மெக்கானிக்குகள் 'ஹைட்ரோ லாக்' என்பது இதைத்தான். என்ஜினைப் பிரித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்நார்கல் வைத்தால் என்ஜினுக்கு காற்று கிடைக்கும். ஆனால் கதவு ரப்பர் வழியாக தண்ணி உள்ளே வரும். சீட்டுக்கு கீழே ஒயர், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது. கியர் பாக்ஸ், அச்சு ஆகியவற்றில் காற்று விடுகிற சின்ன குழாய் உண்டு. அது தண்ணிக்குள் போனால் ஆயிலோடு தண்ணி கலந்துவிடும். லிப்ட் போடுகிறவர்கள் பாதி பேர் இந்த குழாயை எட்டியே பார்ப்பதில்லை.

தண்ணியில் வண்டி ஆப் ஆகிவிட்டால் திரும்ப சாவியைத் திருகவே கூடாது. தள்ளி ஓரமாக விட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போவதுதான் வழி.

இன்சூரன்சிலும் இதுதான் சிக்கல். வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் முழு பாலிசியில் பணம் கிடைக்கும். ஆனால் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், சாதா பாலிசியில் கிடைக்காது. அதற்கென்று தனியாக பணம் கட்டி 'என்ஜின் புரொடெக்ட்' சேர்த்திருக்க வேண்டும். அதோடு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை மாற்றிக் கட்டியிருந்தால், அதையே காரணம் காட்டி கிளைமை மறுக்க கம்பெனிக்கு வாய்ப்பு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஓடும் தண்ணி உருட்டி விடும்

நிற்கிற தண்ணி வேறு, ஓடுகிற தண்ணி வேறு. அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை மக்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுக்கிறது. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடி இருந்தால் சின்ன காரை இழுத்துவிடும். 2 அடி இருந்தால் பெரிய வண்டிகளையே அடித்துக்கொண்டு போய்விடும்.

பெரிய டயர் இதில் காப்பாற்றாது. டயருக்குள் இருப்பது காற்று. டயர் பெரிதாக ஆக, மிதக்கிற குணமும் கூடும். ரோட்டில் பிடிமானம் போய், வண்டி படகு மாதிரி நழுவும்.

தண்ணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. மூடி இல்லாத மேன்ஹோல், மழைநீர் வடிகாலுக்கு தோண்டிய பள்ளம், சரிந்த மண். சென்னையில் இதெல்லாம் இல்லாத மழைக்காலம் உண்டா? 33 இன்ச் டயராக இருந்தாலும் பள்ளத்தில் விழுந்தால் விழுந்ததுதான்.

2023 டிசம்பர் 5-ந்தேதி காரப்பாக்கத்தில் வெள்ளத்தில் சிக்கிய இந்தி நடிகர் அமீர்கானையும், நடிகர் விஷ்ணு விஷாலையும் தீயணைப்பு வீரர்கள் படகில் ஏற்றித்தான் மீட்டார்கள். பணத்துக்கும் பெரிய வண்டிக்கும் குறைவில்லாதவர்களுக்கே படகுதான் கதி. 2015-ல் ஊருக்கு கை கொடுத்ததும் மீனவர்களின் படகுகள்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

இது ரொம்ப முக்கியம். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அளவும் ஆர்.சி. புக்கில் உள்ள விவரமும் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது.

கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரி 9-ந்தேதி தீர்ப்பு சொன்னது. கம்பெனி வடிவமைத்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்ய முடியாது என்பதே அந்த தீர்ப்பின் சாரம்.

அதே 2019-ல் சட்டத்தை திருத்தி தண்டனையையும் கூட்டினார்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'. லிப்ட் ஒன்று, டயர் ஒன்று, முன்னாடி இரும்பு பம்பர் ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். அந்த இரும்பு பம்பருக்கு தடை விதித்து நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு சொல்லிவிட்டது.

விதிக்கு மாறாக வண்டியை மாற்றி விற்கிற டீலருக்கு ஓராண்டு வரை ஜெயில், அல்லது வண்டி ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

இதில் மாட்டிக்கொள்வது யார்? முதலாளி வீட்டில் இருப்பார். நடு ரோட்டில் போலீஸ் கை காட்டும்போது ஸ்டியரிங்கில் இருப்பது டிரைவர். ஆக்டிங் டிரைவராக போகிறவர்கள், 'இந்த வண்டி ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. செகண்ட் ஹேண்டில் 'லிப்ட் போட்ட ஜீப்' சல்லிசாக கிடைக்கிறது என்று ஓடுகிறவர்களும் அப்படித்தான். மறுபடி எப்.சி.க்கு போகும்போது எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற செலவு உங்கள் தலையில்தான் விழும்.

மாட்டியே ஆகணும்னா...

மலை எஸ்டேட், காட்டு ரோடு, மணல் என்று உண்மையிலேயே கரடுமுரடான வழியில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல டயர் தேவைதான். அவர்கள் கவனிக்க வேண்டியது இது:

* முதலில் டயர், அப்புறம்தான் உயரம். அதுவும் அளவை மாற்றாமல், பட்டை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

* 'ஆல் டெரெய்ன்' என்ற டயர் தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே பொதுவானது. 'மட் டெரெய்ன்' டயரில் கட்டை கட்டையாக பட்டன் இருக்கும். சேற்றில் நன்றாக பிடிக்கும். ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிமானம் குறைவு. பிரேக் அடித்தால் தள்ளிப்போய் நிற்கும். சத்தமும் கேட்கும். மழைக்காலத்து வேளச்சேரி மெயின் ரோட்டுக்கு இது லாயக்கு இல்லை.

* அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்கு கம்பெனியே கொடுக்கிற டயர் அளவைத் தாண்ட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற எடை எண்ணும், வேக எழுத்தும் பழைய டயரை விட குறையவே கூடாது.

* டயர் பெரிதானால் மீட்டர் பொய் சொல்லும். 31-ஐ கழற்றி 33 போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டு இருக்கும். மைலேஜ் குறையும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பாரம் கூடும்.

* சஸ்பென்சனை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் எழும்பும். பின்பக்கம் கட்டை அச்சு உள்ள வண்டியில், அச்சுக்கு நடுவே தொங்குகிற குண்டு அதே உயரத்தில்தான் இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை எழுப்புவது டயர் மட்டும்தான்.

* தூக்கிக் கட்டினால் முன்சக்கரத்துக்குப் போகும் அச்சு சாய்வாக வேலை செய்து சீக்கிரம் தேயும். பிரேக் ஓஸ் இழுபடும். வீல் அலைன்மென்ட் மாறும். மொத்த வண்டியின் பாரமும் மேலே போவதால், வேகமாக திரும்பினால் கவிழ்கிற வாய்ப்பும் கூடும்.

தேனி மாவட்ட எல்லையில் கொழுக்குமலை தேயிலை எஸ்டேட் இருக்கிறது. கேரளத்து சூரியநெல்லியில் இருந்து அங்கே ஏறுகிற பாதையைப் பார்த்தால் கல்லும் குழியுமாக ரோடு என்றே சொல்ல முடியாது. விடியற்காலையில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு அதில் ஏறுவது பழைய மகிந்திரா ஜீப்புகள்தான். அங்கே வேலை செய்வது குறைந்த கியரும், டிரைவரின் காலும் கையும்.

பக்கத்தில் போகிறவன் கதி?

இதுவரை சொன்னது வண்டிக்காரருக்கு. இனி, வண்டி இல்லாதவர்களுக்கு.

தண்ணி நிற்கிற தெருவில் உயரமான வண்டி ஒன்று 'விர்ர்' என்று போனால் என்ன நடக்கும் என்று வேளச்சேரியில் குழந்தைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் அலை எழும்பும். வாசல் படி வரைக்கும் வந்து நின்ற தண்ணி, அந்த ஒரே அலையில் படியைத் தாண்டி வீட்டுக்குள் வரும். மண் மூட்டை போட்டு, பழைய புடவையை அடைத்து, ராத்திரி பூரா தடுத்து வைத்தது ஒரு நொடியில் போச்சு.

பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிற டூவீலரின் சைலன்சருக்குள் தண்ணி போகும். ஆட்டோ ஆப் ஆகி நிற்கும். முழங்கால் தண்ணியில் பையை தலையில் வைத்து நடக்கிற பெண் தடுமாறி விழுவாள். வண்டிக்காரர் கண்ணாடியில் கூட பார்க்க மாட்டார். அவருக்கு அந்த தெரு தாண்டிவிட்டது.

உயரம் கூடினால் முகப்பு விளக்கும் மேலே போகும். சரியாக இறக்கி வைக்காவிட்டால், எதிரே வருகிற பைக்காரரின் கண்ணில்தான் நேராக அடிக்கும். பானட்டுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிற குழந்தை டிரைவர் கண்ணுக்கு தெரியாமல் போகும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்துகிற சாலை பாதுகாப்பு நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. முன்பக்கம் 40 இன்ச்சுக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியை இடித்தால், தாழ்வான, சரிவான முன்பக்கம் உள்ள காரை விட உயிர் போகிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அதில் சொல்லப்பட்டது. தாழ்ந்த கார் காலில் இடிக்கும். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் இடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனி செய்த வண்டிகளிலேயே இந்த நிலைமை. அதற்கு மேல் 3 இன்ச் ஏற்றினால்?

எல்லோரும் மேலே... தண்ணி எங்கே?

வண்டியை தூக்குகிறவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. சென்னையில் தூக்காதது எது?

வருஷா வருஷம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு, ரோட்டைத் தூக்கினார்கள். வீடு பள்ளத்துக்குப் போனது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போடவேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போடுகிற அளவுக்கு அது பிரச்சினை ஆனது.

பள்ளத்துக்குப் போன வீட்டுக்காரர்களில் வசதி உள்ளவர்கள், நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அடியில் வைத்து வீட்டையே சில அடி தூக்கினார்கள். புதிதாக வருகிற அடுக்குமாடிகள் கீழே காரை விட்டு, மேலே ஆளைக் குடி வைக்கின்றன. இப்போது ஜீப்பையும் தூக்கலாம் என்கிறார்கள்.

எல்லோரும் அவரவர் பங்குக்கு மேலே ஏறினால் தண்ணி எங்கே போகும்? யார் ஏறவில்லையோ அவர் வீட்டுக்குப் போகும். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர், ஓட்டு வீட்டுக்காரர், தெருவோரம் தள்ளுவண்டி வைத்திருப்பவர், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர். இவர்களுக்கு லிப்ட் கிட் எந்த கடையிலும் விற்பதில்லை.

வேளச்சேரியிலேயே ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி, சுருங்கி சுமார் 55 ஏக்கருக்கு வந்துவிட்டது. மிச்ச இடத்தில் வீடும் ரோடும் வந்துவிட்டது. ஆதம்பாக்கம் பக்கத்து தண்ணி வீராங்கல் ஓடை வழியாக பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியாக கடலுக்குப் போகவேண்டும். அந்த சதுப்பு நிலமும் குப்பை மேடாலும் கட்டிடங்களாலும் சுருங்கிப்போன பிறகு, 2022-ல்தான் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அளவில் பாதுகாக்க வேண்டிய இடம் என்ற பெயர் கிடைத்தது.

இந்த வழியில் எங்கே ஒரு இடத்தில் அடைத்தாலும் தண்ணி திரும்பி ராம் நகருக்கும் விஜயநகருக்கும்தான் வரும். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. சென்னையில் தண்ணி தேங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அந்த குழு அறிக்கை கொடுத்தது. வடிகால் வேலைகளும் நடந்தன. அதற்குப் பிறகும் 2023-ல் மிச்சாங் வந்து வேளச்சேரியை முழுக வைத்தது. வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என்ன செய்யலாம்?

கார், ஜீப் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் வண்டியை மேடான இடத்தில், போக்குவரத்துக்கும் ஆம்புலன்சுக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்துங்கள். லிப்டுக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து 'என்ஜின் புரொடெக்ட்' பாலிசி போடுங்கள். நல்ல டயர், நல்ல பிரேக் மாற்றுங்கள். மிச்சம் கையில் நிற்கும்.

தண்ணி தேங்கிய தெருவில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். பாதி சக்கரம் மூழ்கினால் திரும்பி விடுங்கள். அதற்குக் கீழே என்றால் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், அலை எழும்பாமல் போங்கள். மெதுவாக போனால் உங்கள் என்ஜினும் தப்பிக்கும், அடுத்தவர் வாசலும் தப்பிக்கும். தாண்டிய பிறகு பிரேக்கை லேசாக நாலு தடவை மிதித்து ஈரத்தை ஓட்டிவிட்டு வேகம் எடுங்கள்.

அபார்ட்மெண்ட் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அக்டோபருக்கு முன்பே தங்கள் தெரு வடிகாலில் மண் எடுத்தார்களா, மூடி சரியாக இருக்கிறதா என்று மாநகராட்சி வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து கேட்கவேண்டும். மேம்பாலத்தில் கார் விடுவதை ஆண்டுதோறும் பார்க்கிற மாநகராட்சியும் போலீசும், மழைக்காலத்துக்கு மட்டும் மேடான மைதானம், ரெயில் நிலைய வளாகம் என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பாலத்தின் மேல் நெரிசல் வராது. டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் அதில் இடம் வேண்டும். பிழைப்பே அந்த வண்டியில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

வண்டியை நாலு விரல் தூக்க லட்ச ரூபாய் ஆகிறது. தெருவில் தண்ணி நாலு விரல் இறங்கினால் எல்லார் வண்டியும், எல்லார் வீடும் நாலு விரல் மேலே ஏறின மாதிரிதான். அதற்கான பணத்தை வரியாக நாம் ஏற்கனவே கட்டியாகிவிட்டது. கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி.